காவேரியின் கூன்முதுகுப் பெருங்கெண்டை

கெண்டை என்றவுடன் தமிழ் படித்தவர்களின் மனத்தில் மீன் வந்து நிற்பதற்கு முன்னால் பெண்ணின் கண் வந்து நிற்கும். கயலும் சேலும் கெண்டையும் நம் புலவர்களுக்கு உவமைப் பொருளாக அகப்பட்ட காலத்திலிருந்து, வாய்க்காலிலும் வயல் நீரிலும் துள்ளித் திரியும் விரல் நீள மீன்களையே அந்த ஜாதியின் பிரதிநிதிகளாக எண்ணிப் பழகிவிட்டோம். அதே குடும்பத்தில் பிறந்து, அதே காவேரியில் வளர்ந்து, வயது வந்த ஒரு மனிதனின் எடையை எட்டிப்பிடிக்கக்கூடிய மீன் ஒன்று உண்டு என்பதையும், அதைத் தேடிக்கொண்டு கடல் கடந்து வந்தவர்கள் உண்டு என்பதையும், காவேரிக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் அறிந்தவர் சிலரே. மஹசீர் என்று உலகம் முழுவதும் பெயர் வழங்கும் மீன் வகையில் காவேரிக்கும் அதன் உபநதிகளுக்கும் மட்டுமே உரியதான கூன்முதுகு மஹசீரின் கதை அது.

மைசூரில், வேட்டையாடிய மிருகங்களின் தோலைப் பாடம் செய்து உயிருள்ளவை போலவே நிறுத்திக்காட்டுவதில் பெயர் பெற்றிருந்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டிவெட் வான் இங்கன் என்பவர், 1946-ஆம் ஆண்டில் கபினி நதியில் தூண்டிலிட்டுப் பிடித்த மஹசீர் 120 ராத்தல், அதாவது ஏறக்குறைய 54 கிலோ இருந்தது. அதற்கு முன்னர் 1919-இல் ரிவெட் கார்னாக் என்ற ராணுவ அதிகாரி காவேரியில் பிடித்தது 119 ராத்தல். இமயமலை நதிகளில் வாழும் பொன்னிற மஹசீருக்குப் புகழ் அதிகம். புலி வேட்டையில் பெயர்பெற்ற ஜிம் கார்பெட், குமாவுன் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி எழுதிய நூலிலேயே அந்த மீனுக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். ஆயினும் தராசு என்று வரும்போது பெருமை காவேரிக்கே வந்து சேர்ந்தது.

இவ்வளவு புகழ் பெற்ற மீனுக்கு விஞ்ஞான சாஸ்திரத்தில் முறையான பெயர் 2018-ஆம் ஆண்டுவரை நிர்ணயமாகவில்லை என்றால் நம்புவது கடினம். கலெக்டர்களும் கர்னல்களும் மகாராஜாக்களின் விருந்தினர்களும் நூற்றைம்பது ஆண்டுகளாக அதைப் பிடித்தார்கள், எடை போட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், புத்தகமும் எழுதினார்கள். அது எந்த மீன் என்பதை மட்டும் யாரும் தீர விசாரிக்கவில்லை. அந்த அலக்ஷியத்தின் விலை என்ன என்பதைச் சொல்வதற்கு முன், மீனைச் சற்று அருகில் சென்று பார்த்துவிடலாம்.

கெண்டைக் குடும்பத்து மீன்களுக்கெல்லாம் ஒரு விசேஷம் உண்டு. அவற்றின் தாடையில் பல் கிடையாது; பல் தொண்டைக்குள்ளே இருக்கிறது. பாறையிடுக்கில் பதுங்கியிருக்கும் நண்டை, முன்னோக்கி நீண்டு வரும் தடித்த உதடுகளால் மஹசீர் ஒரே மூச்சில் உறிஞ்சி இழுக்கிறது; இழுத்ததைத் தொண்டைக்குக் கொண்டுபோய், அங்கே வரிசையாக அமைந்த பற்களுக்கும் மண்டையோட்டின் அடியில் உள்ள கடினமான தட்டுக்கும் நடுவில் வைத்து நெரித்துப் பொடியாக்கி விழுங்குகிறது. வாயோரத்தில் இரண்டு ஜோடி மீசைகள் உண்டு. கலங்கல் நீரில் கண் செய்ய முடியாத காரியத்தை அவை செய்கின்றன. செதில்கள் மிகப் பெரியவை. செவுள் தொடங்கி வால்வரை ஒரு வரிசையில் எண்ணினால் முப்பதுக்குக் குறைவாகவே இருக்கும் என்பதிலிருந்தே ஒவ்வொன்றின் அகலத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகாரத்தில் அதற்கு விலக்கு என்று ஒன்றும் இல்லை. நண்டு, நத்தை, பூச்சி, சிறு மீன் இவற்றோடு, பாறைமேல் படியும் பாசியையும், கரையோர மரங்களிலிருந்து உதிரும் பழங்களையும் விதைகளையும் அது தின்னும். ஆகையால் கரையில் நிற்கும் அத்தி மரமும் அந்த மீனின் வீட்டைச் சேர்ந்ததே. மரத்தை வெட்டுகிறவன் மீனையும் தொடுகிறான். மலேயாவிலும் போர்னியோவிலும் இதன் உறவினர்கள் உண்டு. சரவாக் காடுகளில் உதிரும் பழங்களைத் தின்று கொழுத்த எம்புராவ் என்னும் மஹசீருக்கு அந்நாட்டு உணவுவிடுதிகளில் சொல்லும் விலையைக் கேட்டால் நம் ஊர் வஞ்சிர மீன் விற்பவர் தம் தொழிலையே வெறுத்துவிடுவார்.

மஹசீர் வகைகள் பல. அவற்றுள் காவேரியினுடையதை அடையாளம் காட்டுவது அதன் முதுகு. தலைக்குப் பின்புறமிருந்து முதுகு வளைந்து மேலெழும்பி, மேல் துடுப்பு தொடங்கும் இடத்துக்குப் போவதற்குள் ஒரு கூனாகத் திரண்டு நிற்கும். துடுப்புகளும் வாலும் ஆரஞ்சு வர்ணம். பெரிய மீன் ஒன்று பாறையின் நிழலிலிருந்து வெயில் படும் நீருக்கு மெள்ள வரும்போது முதலில் தெரிவது உடம்பு அல்ல, அந்தத் துடுப்புகளின் நிறமே என்று பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். குஞ்சுப் பருவத்தில் இந்தக் கூன் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. வயது ஏற ஏறத்தான் திரளும். இந்தச் சிறிய சங்கதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு பெரிய குழப்பத்துக்கு இதுவே காரணமாயிற்று.

சிவசமுத்திரத்தில் அருவியாக விழுந்த பிறகு காவேரி ஒகேனக்கல் வரைக்கும் ஓடுகிற வழியானது, தஞ்சாவூரில் நாம் பார்க்கும் காவேரியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வேறொரு நதி என்றே சொல்லத் தோன்றும். இரு புறமும் மலையும் காடும். ஆடு தாண்டிவிடும் என்று பெயர் வைக்கும் அளவுக்கு ஓரிடத்தில் நதி ஒடுங்கிப் பாறைப் பிளவுக்குள் பாய்கிறது. அடுத்த நாழிகைத் தூரத்தில் அதுவே அகன்று, ஆழம் காணாத மடுவாகத் தேங்குகிறது. வேகமும் மடுவும் மாறி மாறி வரும் இந்த அமைப்பே மஹசீருக்கு ஏற்றது. வெயில் காலத்தில் ஆழ்ந்த மடுவில் தங்கி, மழைக்காலத்துப் புது வெள்ளம் வந்ததும் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறி, சரளைக்கல் பரவிய, பிராணவாயு நிறைந்த துல்லியமான நீரில் முட்டையிடுவது அதன் வழக்கம்.

முட்டை விஷயத்தில் மஹசீர் தன் உறவினர்களிலிருந்து வெகுவாக மாறுபடுகிறது. ரோகுவும் கட்லாவும் வெள்ளத்தில் லட்சக்கணக்கில் முட்டைகளை இறைத்துவிட்டுப் போகும். அவை நீரோடு மிதந்துகொண்டே ஒரு நாள் முடிவதற்குள் பொரித்துவிடும். மஹசீரின் முட்டைகள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை, மிதக்காமல் அடியில் தங்குபவை. இதன் நெருங்கிய உறவாகிய நீலத்துடுப்பு மஹசீரைத் தொட்டிகளில் பொரிக்கவைத்தவர்கள் கண்டறிந்தபடி, குஞ்சு வெளிவர மூன்று நாளோ நான்கு நாளோ ஆகும். வெளிவந்த பிறகும் அது உடனே நீந்திவிடாது. வயிற்றில் தொங்கும் மஞ்சள்கருப் பையோடு அடியில் கிடந்து, இடுக்கு கண்ட இடத்தில் தலையைப் புதைத்துக்கொண்டு, வாலை மட்டும் ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும். இப்படிப் பல நாட்கள். அந்த நாட்களில் மேலே உள்ள அணையில் மதகை மூடித் தண்ணீர் வடிந்தாலும் சரி, மணல் அள்ளுகிறவர்கள் கிளப்பிய சேறு வந்து கற்களின்மேல் படிந்தாலும் சரி, அந்த ஆண்டின் சந்ததி முழுவதும் நாசமாகிவிடும்.

இனி மனிதர்களின் கதைக்கு வரலாம். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதை ஒரு விநோதமாகக் கொண்டாடும் வழக்கத்தை வெள்ளைக்காரர்தாம் இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்ற சம்ஸ்கிருத நூலில், அரசர்களுக்குரிய பொழுதுபோக்குகளில் ஒன்றாக மத்ஸ்ய விநோதம் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எந்த மீனுக்கு எந்த இரை என்பதுவரை அரசன் ஆராய்ந்திருக்கிறான். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த சுந்தர்லால் ஹோரா என்ற மீன் விஞ்ஞானி அந்தப் பகுதியை எடுத்து ஆராய்ந்து 1951-இல் எழுதினார். நம் அரசர்கள் மீன் பிடித்ததைப் பற்றிப் பெருமைப்பட வேண்டுமா என்பது வேறு விஷயம். அவர்கள் மீனைக் கவனித்தார்கள் என்பதற்காக மதிக்கலாம்.

சென்னை ராஜதானியில் சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். சொந்த நாட்டில் சால்மன் மீனே தூண்டில்காரனின் இலட்சியம் என்று நம்பி வந்த ஆங்கிலேயர்களுக்கு, அதற்கு ஈடான, பலத்தில் அதை மிஞ்சிய மீன் இந்த நாட்டு நதிகளிலே இருக்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். அக்காலத்து மீன் நூல்களைப் புரட்டினால் நம்மவர் இதற்குப் பொம்மீன் என்றும் பூமீன் கெண்டை என்றும் பெயர் இட்டிருந்தது தெரிகிறது. இன்றைக்கு அந்தப் பெயர்களை அறிந்த மீனவர்கள் மிகவும் அருகிவிட்டனர்.

காவேரியில் மஹசீர் பிடிக்கும் முறையும் தனி அழகு உடையது. செயற்கைப் பூச்சியும் பளபளக்கும் தகட்டுக் கரண்டியும் மற்ற நதிகளுக்கு; இங்கே இரை, கேழ்வரகு. ராகி மாவை மசாலா சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டை பிடித்து வேகவைத்து, கல்போல் இறுகியதும் தூண்டில் முள்ளில் குத்தி, வேகத்துக்கு அடித்துப் போகாமலிருக்க ஈயத்தைச் சுற்றி மடுவின் விளிம்பில் எறிவார்கள். பிறகு பாறையின்மேல் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். சிறிய மீன்கள் வந்து உருண்டையைத் தட்டித் தட்டிப் பார்க்கும். கயிறு லேசாக நடுங்கும். பெரியது வந்தால் தட்டிப் பார்ப்பது கிடையாது. கையிலிருந்து கழியே பறிபோகும் வேகத்தில் இழுத்துக்கொண்டு நீரோட்டத்தோடு ஓடும். பரிசலில் ஏறி, சுழலுக்கும் பாறைக்கும் தப்பி, அது போகிற வழியெல்லாம் பின்னாலேயே போகத் தெரிந்த பரிசல்காரர் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய துரையாக இருந்தாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். வெற்றிப் படங்களில் மீனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பவரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பரிசல்காரரின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

இன்னொரு பக்கத்தில், மஹசீரைத் தொடவே கூடாது என்று விட்டுவைத்த இடங்களும் உண்டு. சிருங்கேரியில் துங்கா நதிப் படித்துறையில் கை எட்டும் தூரத்தில் திரளும் பெருமீன்களுக்கு யாத்திரிகர்கள் பொரி போடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஹாசன் ஜில்லாவில் காவேரிக் கரையிலுள்ள ராமநாதபுரத்திலும், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் கபிலா நதிக்கரையிலுள்ள சிசிலாவிலும் இவ்விதமே கோயிலைச் சார்ந்து மீன்கள் காப்பாற்றப்பட்டு வருகின்றன. சட்டமும் காவலும் செய்யாததைப் பக்தி செய்திருக்கிறது. ஆனால் கோயில் காக்க முடிந்தது படித்துறையை ஒட்டிய சில நூறு கஜ நீரைத்தான். நதியைக் காப்பது கோயிலின் சக்திக்கு அப்பாற்பட்டது.

நதிக்கு நேர்ந்தவை நாம் எல்லோரும் அறிந்தவையே. கிருஷ்ணராஜசாகரமும் 1934-இல் முடிந்த மேட்டூர் அணையும், பின்னர் கபினியிலும் பவானியிலும் எழுந்த அணைகளும், மழைக்காலத்தில் மேலே ஏறிப் போகும் மீனுக்குக் குறுக்கே சுவராக நின்றன. அவை இல்லாமல் நமக்குச் சோறு இல்லை. ஆகையால் அணை கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெடி வைத்து மீன் பிடிக்கும் கொடுமையை மட்டும் எந்த நியாயத்தாலும் மன்னிக்க முடியாது. மடுவில் ஒரு தோட்டாவை வெடித்தால், மேலே மிதந்து வரும் பத்து மீனுக்காக அடியில் கிடக்கும் குஞ்சும் முட்டையும் இரையும் அனைத்தும் அழிகின்றன. அரை நூற்றாண்டு வளர்ந்த மடுவின் வாழ்வு அரை நொடியில் முடிகிறது.

எனினும் கூன்முதுகு மஹசீருக்கு நேர்ந்த மிகப் பெரிய ஆபத்து பகைவர்களிடமிருந்து வரவில்லை. அதன்மேல் பரிவு கொண்டவர்களிடமிருந்தே வந்தது. மஹசீர் குறைந்துவருகிறது என்ற கவலை நாடெங்கும் எழுந்தபோது, மகாராஷ்டிரத்தில் லோணாவ்லாவுக்கு அருகில் மின்சார உற்பத்திக்காக ஏரிகளை வைத்திருந்த டாட்டா மின் நிறுவனத்தார் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஒரு குஞ்சு பொரிப்பகத்தைத் தொடங்கினார்கள். சி. வி. குல்கர்ணி, எஸ். என். ஓகலே போன்ற நிபுணர்கள் தாய்மீனின் வயிற்றை நீவி முட்டையையும், ஆண்மீனிடமிருந்து விந்துவையும் எடுத்துக் கலந்து செயற்கையாகப் பொரிக்கவைக்கும் வித்தையில் தேர்ச்சி பெற்றார்கள். அது சாதாரண சாதனை அல்ல. முட்டையின் சுபாவத்தை மேலே சொன்னேனே, அதெல்லாம் அவர்களுடைய பொறுமையான உழைப்பால் தெரிய வந்ததே. அங்கே வளர்ந்த குஞ்சுகள் பிறகு பல மாகாணங்களுக்கும் அனுப்பப்பட்டு நதிகளில் விடப்பட்டன. காவேரியிலும் விட்டார்கள்.

அந்தக் குஞ்சுகள் நீலத்துடுப்பு மஹசீரின் குஞ்சுகள். கர்னல் சைக்ஸ் என்பவர் 1839-இல் பூனாவுக்கு அருகிலுள்ள நதியிலிருந்து எடுத்து விவரித்த இனம் அது. கிருஷ்ணா நதித் தொகுதி அதன் தாயகம். மஹசீர் குறைகிறது, மஹசீரை விடுகிறோம், இதில் என்ன தோஷம் என்றுதான் அன்றைக்கு எவரும் நினைத்திருப்பார்கள். காவேரியில் இருந்தது வேறு மஹசீர் என்று அழுத்திச் சொல்வதற்கு யாரிடமும் ஆதாரம் இல்லை. ஏனென்றால் காவேரி மஹசீருக்குத்தான் பெயரே இல்லையே!

விடப்பட்ட மீன் என்ன செய்தது என்பதை நாம் அறிந்துகொண்ட விதம் சுவையானது. காவேரி வனவிலங்குச் சரணாலயத்தில், பீமேசுவரி, தொட்டமகாளி, காலிபோர் முதலிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்துவந்தன. பிடித்த மீனை எடை பார்த்து, உயிரோடு மீண்டும் நதியிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே நியதி. முன்னே திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களே அங்கு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளம் பெற்றார்கள். ஒவ்வொரு நாளும் யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், எத்தனை ராத்தல் என்று குறிப்பு எழுதும் வழக்கம் இருந்தது. அந்தக் குறிப்புகளை ஏட்ரியன் பிண்டர் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளரும், கேரளத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவனும், அவர்களுடைய தோழர்களும் எடுத்து ஆராய்ந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான கணக்கில் 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பும், 6,161 மஹசீர்களும் பதிவாகியிருந்தன.

மேலோட்டமாகப் பார்த்தால் கணக்கு மகிழ்ச்சி தருவது. ஆண்டுக்கு ஆண்டு அதிக மீன்கள் அகப்பட்டிருக்கின்றன. ஆகவே நதி செழித்து வருகிறது என்று அதிகாரிகள் அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் நீலத்துடுப்பையும் கூன்முதுகையும் தனித்தனியாகப் பிரித்துக் கூட்டியபோது உண்மை வெளிப்பட்டது. பெருகியவை எல்லாம் வந்தேறிய நீலத்துடுப்பு மீன்கள். சொந்த மீன் ஆண்டுதோறும் அருகிக்கொண்டே போயிற்று. அருகியது மட்டுமல்லாமல், அகப்பட்டவை மேலும் மேலும் பெரியவையாகவே இருந்தன. பெரிய மீன் கிடைப்பதில் வருத்தம் என்ன என்று கேட்கலாம். சிறிய மீனே கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். குழந்தைகளின் சத்தம் நின்றுபோய்க் கிழவர்கள் மட்டும் மிஞ்சிய அக்கிரகாரம் போல, முதிர்ந்த சில மீன்கள் மடுக்களில் காலம் கழிக்க, பின்னால் வருவதற்குச் சந்ததி இல்லாமல் போயிற்று.

இவ்வளவு தெரிந்த பிறகும் பாதுகாப்பு என்ற பேச்சை எடுக்க முடியவில்லை. அழிந்துவரும் உயிர்களைப் பட்டியலிடும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற வேண்டுமானால் அந்த உயிருக்கு அங்கீகாரம் பெற்ற விஞ்ஞானப் பெயர் ஒன்று இருந்தாக வேண்டும். கூன்முதுகு மஹசீருக்கு முசுல்லா என்ற பெயரை வெகு காலமாகச் சிலர் ஒட்டிவைத்திருந்தார்கள். தேடிப்போய் ஆராய்ந்தால் அதுவும் கர்னல் சைக்ஸ் மகாராஷ்டிரத்தில் கண்ட வேறொரு கெண்டைக்கு உரியதாக முடிந்தது. பெயரில்லாத மீன் பட்டியலில் ஏற முடியாது. பட்டியலில் ஏறாத மீனுக்காக எந்தச் சர்க்காரும் பணம் ஒதுக்காது.

விடை கேரளத்தில் இருந்தது. சின்னாறு வனப்பகுதி வழியாக ஓடித் தமிழ்நாட்டுக்குள் அமராவதியாக நுழைந்து இறுதியில் காவேரியில் சேரும் பாம்பாற்றிலிருந்து, குரூப், ராதாகிருஷ்ணன் என்ற இரு விஞ்ஞானிகள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மஹசீரை விவரித்து, சென்னையில் மீன்களைப் பற்றி நெடுநாள் ஆராய்ச்சி செய்த ரெமாதேவி அம்மையாரைக் கௌரவிக்கும் பொருட்டு டோர் ரெமாதேவி என்று பெயரிட்டிருந்தார்கள். அவர்கள் கையில் கிடைத்தவை சிறிய குஞ்சுகள். கூன் திரளாத பருவம். ஆகையால் காவேரியின் பூதாகாரமான மீனையும் பாம்பாற்றின் இந்தச் சிறு மீனையும் எவரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. பின்னர் நீலகிரியின் சரிவில் ஓடும் மோயாற்றில் கூன்முதுகு மஹசீர்கள் அகப்பட்டபோது, அவற்றின் உடலமைப்பையும் மரபணுவையும் பாம்பாற்று மீனோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று பிண்டர், மணிமேகலன், ராஜீவ் ராகவன் முதலியோர் 2018-இல் நிரூபித்தார்கள். அதே ஆண்டில் அந்த மீன் சிவப்புப் பட்டியலில் ஏறியது. ஏறும்போதே, அழிவின் விளிம்பில் நிற்பவை என்ற மிகக் கடைசி வகுப்பில் ஏறியது. நீலத்துடுப்பு மஹசீரோ, ஊர் ஊராகப் பரப்பப்பட்டதன் பலனாக, கவலைக்கு இடமில்லாத இனங்களின் வகுப்புக்குப் போய்விட்டது.

இதற்குள் முகாம்கள் மூடப்பட்டுவிட்டன. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்று வனவிலங்குச் சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டதால் 2012-ஐ ஒட்டி அவை நின்றன. சட்டத்தின் வார்த்தையைப் பார்த்தால் முடிவு சரியே. ஆயினும் நதிக்கரையில் இரவும் பகலும் இருந்த கண்கள் போயின. தினமும் எழுதப்பட்ட கணக்கு நின்றது. சம்பளம் வாங்கிக்கொண்டு காவல் செய்தவர்களுக்கு வேறு பிழைப்பு தேட வேண்டியதாயிற்று. மீனைத் துன்புறுத்திக் களிப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் காவலுக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் காவலை எடுத்துவிடுவது விவேகம் ஆகாது.

மோயாறு முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே, பெரும்பாலும் மனிதர் இறங்க முடியாத பள்ளத்தாக்கு வழியாக ஓடிப் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் விழுகிறது. புலியும் யானையும் காவல் இருப்பதால் அந்த நதியில் மீன் இன்னும் கொஞ்சம் பிழைத்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. அங்கேயும் ஆபத்து இல்லாமல் இல்லை. மேலே பைக்காராவிலும் மோயாற்றிலும் மின்சாரத்துக்காகத் தண்ணீரை நிறுத்தியும் விட்டும் வருவதால் நதியின் மட்டம் தன் இயல்பில் இருப்பதில்லை. தமிழ்நாட்டுப் பக்கத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களின் காட்டுப் பகுதியை 2022-இல் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது நல்ல காரியம். ஒகேனக்கலுக்கு மேலேயுள்ள நதிக்கு இதனால் இரு கரையிலும் ஒருவகைப் பாதுகாப்பு கிடைக்கிறது. மேக்கேதாட்டுவில் அணை கட்டுவதைப் பற்றி இரு ராஜ்யங்களும் வாதாடும்போது எத்தனை டி.எம்.சி. என்பதே பேச்சாக இருக்கிறது. அந்த அணைக்குக் குறித்திருக்கும் இடம் இந்த மீனின் கடைசி வீடுகளில் ஒன்று என்பதை இரண்டு தரப்பு வக்கீல்களில் ஒருவராவது ஒரு வரி சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

குஞ்சு பொரிப்பகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டோர் ரெமாதேவியையே அந்த முறையில் பெருக்க முடியுமானால் அது பெரும் உபகாரம். லோணாவ்லாவில் கற்ற வித்தை அதற்கு உதவக்கூடும். ஆனால் தாய்மீனை முதலில் கண்டெடுக்க வேண்டும். கண்டெடுத்ததை வேறு இனத்தோடு கலக்காமல் வளர்க்க வேண்டும். விடுகிற இடத்தில் நீலத்துடுப்பு ஏற்கனவே நிறைந்திருந்தால் விட்டும் பிரயோஜனம் இருக்குமா என்று பார்க்க வேண்டும். இவற்றை எல்லாம் பொறுமையாகச் செய்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

அதுவரைக்கும் சாதாரண மனிதர்களாகிய நாம் செய்யக்கூடியவை உண்டு. ஒகேனக்கலிலோ மேட்டூரிலோ பவானிசாகரிலோ வலை போடும் மீனவ நண்பர்கள், கூனல் முதுகும் ஆரஞ்சுத் துடுப்பும் உள்ள மீன் அகப்பட்டால் அதை உயிரோடு திரும்ப விட்டுவிட்டு, மீன்வளத் துறையினருக்கோ அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் ஆசிரியருக்கோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புண்ணியத்துக்காகவோ, பிறந்தநாள் விழாவுக்காகவோ, நதியை வளப்படுத்தும் நல்ல எண்ணத்துக்காகவோ, எங்கேயோ வளர்த்த மீன்குஞ்சுகளைக் குடத்தில் கொண்டுவந்து காவேரியிலும் அதன் உபநதிகளிலும் தயவுசெய்து விடாதீர்கள்.